சூடாகும் கைப்பிடி

ஜனவரி 4

பழைய மிஷின் இன்று செத்தது. காய்ந்த சில்வர் ஓக் மரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது ‘கர்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. குன்னூருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சைனு பாய் கழற்றி, சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“மருதமுத்து, இத அடக்கம் பண்ணிரு” என்றார்.

மலையில் மரம் அறுக்கும் மிஷின்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். எமனும் அவரேதான். புதுசு வாங்கினால் முதல் பத்து டேங்க் பெட்ரோல் ஓடும்வரை மிஷின் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதி வைக்கச் சொன்னார். முதல் சர்வீசுக்கு வரும்போது அதைக் கேட்பாராம். டீ ஃபேக்டரியில் கொடுத்த டைரி வீட்டில் சும்மா கிடந்தது. என் பெண்டாட்டி தவமணி அதை அரிசி டப்பாவுக்கு மூடியாக வைத்திருந்தாள். பிடுங்கிக்கொண்டேன். இதில் மிஷின் விஷயம் மட்டும்தான் எழுதப்போகிறேன். வீட்டு விஷயம் எழுத ஆரம்பித்தால் ஒரு டைரி போதாது.

போன வாரம் பழைய மிஷின் கையிலிருந்து நழுவியது. பிடி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 5

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. சட்டைப் பொத்தானுக்கு இப்போதெல்லாம் துளையைச் சின்னதாக வைத்துத் தைக்கிறார்கள். தவமணி போட்டுவிட்டாள்.

ஜனவரி 7

மிஷின் வாங்கக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் தவமணி நிற்கிறாள், நல்ல புடவையில்.

“நீ எதுக்கு?”

“செயினுக்கு அரம் போடுறது நான்தானே. நான் பாக்க வேணாமா?”

அது உண்மைதான். இரண்டு வருடமாக செயினின் பற்களை அவள்தான் அரம் போட்டுக் கூர் பண்ணுகிறாள். அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. எனக்கும் நேரம் மிச்சம்.

பாய் கடையில் இரண்டு மிஷின்களை எடுத்துப் போட்டார். ஒன்று மூர்க்கமானது. செயின் ஓடும் பார் நீளமாக, வாள் மாதிரி இருந்தது. எனக்கு அதன்மேல்தான் கண். மிஷின் நீளமாக இருந்தால் எஸ்டேட் மேனேஜர்கூட ஒரு அடி தள்ளி நின்று பேசுவார். தவமணி அதையெல்லாம் பார்க்கவே இல்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் வாங்கி வந்தாள். பாயை மிஷினை ஓட்டச் சொன்னாள். ஓடும் மிஷினின் பிடிமேல் டம்ளரை அழுத்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். கிரைண்டர் வாங்கும்போதும் இப்படித்தான் செய்து என் மானத்தை வாங்கினாள்.

நீளமான மிஷினில் தண்ணீர் அவள் புடவையில் தெறித்தது. இரண்டாவதில் டம்ளருக்குள்ளேயே குதித்தது.

“பாய், இதவிட உதறல் கம்மியா இல்லியா?”

பாய் தாடியைச் சொறிந்தார். மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த ஒன்றை எடுத்து வந்தார். ஒரு எஸ்டேட் முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சொல்லிவிட்டு, மிஷின் வருவதற்குள் அவரே வெளிநாடு போய்விட்டாராம். ஓட்டினார். டம்ளரில் வட்டம் வட்டமாக அலை மட்டும் வந்தது. தண்ணீர் சிந்தவில்லை.

பிடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச் இருந்தது. என்ன என்று கேட்டேன்.

“போட்டா ரெண்டு பிடியும் சூடாவும். பனி தேசத்துல மரம் வெட்டுறவங்களுக்குச் செஞ்சது. விரல் வெறைச்சுப் போவாது” என்றார் பாய். கேட்டது நான். அவர் பார்த்தது தவமணியை.

“சூடு வைக்கறதுக்கு இது என்ன இஸ்திரிப் பெட்டியா?” என்றேன்.

“இதையே குடுங்க பாய்” என்றாள் தவமணி.

மூன்றிலும் இன்ஜின் இதில்தான் பெரியது. அதனால்தான் நானும் சம்மதித்தேன். சூட்டு சுவிட்சுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று பாயிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 8

செயினை ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப்போட வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். தவமணி பழைய வாணலியில் ஊறப்போட்டு, பூனை வாய் வைத்துவிடும் என்று மூடியும் போட்டிருந்தாள். காலையில் ஒரு நிமிடம் முறுக்கு சுடப்போகிறாள் என்றே நினைத்தேன்.

யோகராஜ் வந்தான். தவமணியின் தம்பி. இருபது வருடமாக எனக்குக் கயிறு கட்டுகிறவன், ஆப்பு அடிக்கிறவன். விழுந்து கிடக்கிற மரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் துண்டு போடுவான். நிற்கிற மரத்தில் மட்டும் மிஷினை வைக்க மாட்டான். “நிக்கறது உங்க பாடு மாமா, படுத்தது என் பாடு” என்பான். மிஷினுக்குச் சந்தனம் வைக்கிறேன் பேர்வழி என்று புகைக்குழாய் மேலேயே அப்பிவிட்டான். ஸ்டார்ட் பண்ணியதும் சந்தனம் கருகி கோயில் எரிகிற மாதிரி வாசனை.

எலுமிச்சம்பழம் அறுத்தோம். புது மிஷினின் முதல் வெட்டு நிற்கிற மரத்தில் இருக்கக்கூடாது. அது எங்கள் வழக்கம். விழுந்த கட்டையைத்தான் அறுக்க வேண்டும். அறுத்தோம். புதுச் செயின் சூட்டில் நீண்டு தொங்கும். ஆறவைத்து, இழுத்து, மறுபடி முறுக்க வேண்டும். அதற்கான திருகு மிகச் சின்னது. அவனுக்கும் பழக்கம் வரட்டுமே என்று யோகராஜையே முறுக்க விட்டேன்.

மிஷினைச் சும்மா அலறவிடக்கூடாது, பெரிய கட்டையில் போட்டு வதைக்கவும் கூடாது என்பது பாய் சொன்ன பத்தியம். கல்யாணம் ஆன புதிதில்கூட நான் இவ்வளவு பத்திரமாக யாரையும் நடத்தியதில்லை என்று தவமணி சொல்கிறாள்.

ஜனவரி 9

மிஷின் புகை கக்கியது. இருமியது. நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. விசாரித்தால், யோகராஜ் பெட்ரோலில் ஆயிலை இரண்டு மடங்கு கலந்திருக்கிறான்.

“பச்சப் புள்ளைக்கு ரெண்டு ஸ்பூன் நெய் கூட விட்டா தப்பா மாமா?”

இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது. பிளக்கைத் துடைத்து, புதுக் கலவை ஊற்றியதும் ஓடியது.

ஜனவரி 12

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே நிற்கும் கற்பூர மரத்தை வெட்ட அனுமதி வந்துவிட்டது. மேனேஜர் தேதி கேட்டார். இருபத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். அதற்குள் மிஷின் பழகிவிடும்.

ஐப்பசி மழையில் மேட்டு மண் கரைந்து, மரத்தின் ஒரு பக்க வேர் வெளியே தெரிகிறது. மரம் வீடுகள் பக்கம் சாய்ந்துவிட்டது. நேர் கீழே இருப்பது யோகராஜ் வீடு. அது சாயும் பக்கம் விழ விடாமல், டிராக்டரில் கயிறு கட்டி எதிர்ப்பக்கம், தேயிலைக்கு நடுவில் போகும் ரோட்டில் இழுத்துப் போட வேண்டும்.

அறுக்கும்போது நடுவில் ஒரு பட்டை நாரை அறுக்காமல் விடுவோம். அதுதான் கதவுக்குக் கீல் மாதிரி மரத்தைப் பிடித்துத் திருப்பும். பட்டை தடியாக இருந்தால் மரம் அசையாது. மெலிந்துவிட்டால் முறிந்து, இஷ்டத்துக்குப் போய்விடும். எவ்வளவு போதும் என்று எனக்கு என் இடது கை சொல்லும். மரம் கிளம்புவதற்குச் சற்று முன்னால் உள்ளே நார்கள் ஒவ்வொன்றாக விடும். அது மிஷின் வழியாகக் கைக்கு வரும். ‘மரம் பேசுகிறது’ என்போம். மருதமுத்து கை ஒருபோதும் பொய் சொல்லாது என்று இந்த மலையில் ஒரு பேச்சு உண்டு. நானே கிளப்பிவிட்ட பேச்சு என்றாலும் உண்மைதான். மற்றவர்கள் பின்பக்க வெட்டுவாயில் ஒரு குச்சியைச் செருகி வைத்து, குச்சி விழுந்தால் மரம் நகர்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். நான் அதைக் குருட்டுக் குச்சி என்பேன்.

இன்று ஒரு சின்ன சில்வர் ஓக்கைப் புது மிஷினில் வெட்டிப் பார்த்தேன். மரம் பேசவே இல்லை. சும்மா விழுந்தது. இந்த மிஷினில் பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பரும் ஸ்பிரிங்கும் ஏகத்துக்கும் வைத்திருக்கிறார்கள். மரம் பேசுவதை எல்லாம் அது விழுங்கிவிடுகிறது. டம்ளரில் தண்ணீர் வைத்து மிஷின் வாங்கினால் இப்படித்தான்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாததால் மிஷினுக்கு மாலை. யோகராஜ் பொங்கலை அதன் வாயில் ஊட்டப் போனான். தடுத்தேன்.

ஜனவரி 19

மேட்டில் ஒரு சில்வர் ஓக். பெரிதல்ல. யோகராஜ் கயிற்றைப் பிடித்து நின்றான். நான் அறுத்துக்கொண்டே இருந்தேன். கை ஒன்றும் சொல்லவில்லை, அதனால் இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன். மரம் திடீரென்று போய்விட்டது. நினைத்த பக்கம் இல்லை. கயிறு யோகராஜை இழுத்துத் தேயிலைச் செடிமேல் போட்டது. முழங்கையிலும் கன்னத்திலும் சிராய்ப்பு. மரம் அவனுக்கு ஒரு கை தள்ளி விழுந்து கிடந்தது.

அவன் எழுந்து, சட்டையில் ஒட்டிய இலையைத் தட்டிவிட்டு, கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

“இந்த ரப்பர் சனியன்” என்றேன்.

“சரி மாமா” என்றான்.

வீட்டில் தவமணி அவன் கன்னத்தில் மஞ்சள் வைத்தாள். எப்படி ஆனது என்று அவனைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

ஜனவரி 20

குன்னூர். பாயிடம் ரப்பரையெல்லாம் எடுத்துவிடச் சொன்னேன்.

“அத எடுத்துட்டா பழைய மிஷின் கதிதான். அது ஒன்ன என்னா பாடு படுத்துச்சு. இத அப்பிடி ஆக்கச் சொல்றியா?” என்றார். பிறகு, “கையக் காட்டு” என்றார்.

“கையில என்ன இருக்கு? மிஷினப் பாருங்க.”

அவர் மிஷினைப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார். டீ வரவழைத்தார். கிளாஸ் கையிலிருந்து விழுந்து உடைந்தது. டீக்கடைக்காரர்கள் சோப்பைச் சரியாகக் கழுவுவதில்லை. கிளாஸ் வழுக்கத்தான் செய்யும்.

பாய் உடைந்ததைத் தானே குனிந்து பொறுக்கினார். “எங்கிட்ட வர்றவங்கள்ல நாலு பேருக்கு இப்பிடி இருக்கு. குளிர் பட்டா வெரலு சுண்ணாம்பா வெளுத்துரும். வருசக்கணக்கா மிஷின் உதறுன உதறல் அது. ஆஸ்பத்திரில காட்டு மருதமுத்து” என்றார்.

அவருக்கு மிஷினைப் பற்றித்தான் தெரியும். மனுஷனைப் பற்றி என்ன தெரியும்?

ஜனவரி 22

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மிஷின் விஷயமும் இதில் இருப்பதால் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்ட சீகை மரம். தொடை அளவுதான் இருக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக தவமணி யோகராஜைக் கூப்பிட்டு, அதை அறுக்கச் சொன்னாள்.

“நிக்கற மரத்தையா?” என்று அவன் என்னைப் பார்த்தான்.

“மாமாவ என்னத்துக்குப் பாக்கற? மிஷின் சரியில்ல, மிஷின் சரியில்லன்னு பத்து நாளா பழி போட்டுட்டு இருக்காரு. சரியில்லாட்டித் திருப்பிக் குடுத்துரலாம். பாத்துருவோம்” என்றாள்.

அவன் பயந்து பயந்து மிஷினை வைத்தான். மரம் விழ வேண்டிய பக்கம் முதலில் வாய் வெட்டி, பின்பக்கம் அறுக்கப் போனான். பாதிக்கு மேல் போனதும் மிஷினை நிறுத்தாமலே தலையைத் திருப்பினான்.

“மாமா, உள்ள என்னமோ படபடங்குது.”

“எங்க?”

“எடது கையில. எறும்பு ஊர்ற மாதிரி.”

நான் போய் மரத்தில் இடது கையை வைத்தேன். இன்னும் கொஞ்சம் அறு என்றேன். அறுத்தான். மரம் மரமாக நின்றது. தவமணி வந்து என் கைக்குப் பக்கத்தில் அவள் கையை வைத்தாள். வைத்தவுடனே எடுத்துக்கொண்டாள்.

“எனக்கே தெரியுதே” என்றாள். அதைச் சொன்ன பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

என் கை இன்னும் மரத்தின் மேல் இருந்தது. விரல்கள் நாலும் நுனியிலிருந்து வெளுத்திருந்தன. பட்டையின் சொரசொரப்புகூடத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் கை மரத்தின் மேல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஜனவரி 23

மிஷின் நன்றாக ஓடுகிறது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜனவரி 25

இரண்டு நாளாக யோசித்தேன். வெளியே யாருக்கும் தெரியாது. தவமணி சொல்ல மாட்டாள், யோகராஜ் சாகும்வரை சொல்ல மாட்டான். கண்ணை வைத்தே அறுத்துவிடலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அறுக்கிறார்கள். மருதமுத்துவுக்குக் கை போய்விட்டது என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்பதைவிட, கண்ணை நம்பி ஒரு மரம் அறுத்துவிட்டுப் போகலாம் என்றுகூடத் தோன்றியது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இன்று காலைவரை அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

இன்று அளவு எடுக்கக் கற்பூர மரத்தடிக்குப் போனேன். மேட்டிலிருந்து பார்த்தால் யோகராஜ் வீட்டு ஓடுதான் தெரிகிறது. ஓட்டின் மேல் அவன் பெண்டாட்டி வடகம் காயப் போட்டிருந்தாள். இந்த மரத்துக்கு நேர் கீழே, என்னை நம்பி வடகம் போட்டிருக்கிறாள்.

யோகராஜ் கயிற்றுக்குக் கிளை பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாப்ள, இருபத்தெட்டாம் தேதி நீதான் அறுக்கணும்.”

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

“எனக்குப் பயம் மாமா.”

“பயம் இருக்கறவன்தான் அறுக்கணும். எனக்குப் பயம் போயி ரொம்ப நாளாச்சு. இப்ப கையும் போயிருச்சு.”

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அவன் தலையைத் திருப்பிக்கொண்டு கிளையைப் பார்க்கிற மாதிரி நின்றான். “குச்சி வெச்சுக்கலாமா மாமா?” என்றான்.

“வெச்சுக்கலாம்” என்றேன்.

ஜனவரி 27

நேற்றும் இன்றும் நிற்கிற மரங்கள். சின்னவை. எல்லாம் யோகராஜ் வெட்டினான். நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பத்தாவது டேங்க் இன்றோடு முடிந்தது. செயின் இனி நீளாது. தவமணி அரம் போட்டு வைத்திருக்கிறாள். நகத்தில் வைத்தால் நகம் சீவுகிறது.

ஜனவரி 28

லைன் வீடுகளைக் காலையிலேயே காலி பண்ண வைத்தோம். எல்லோரும் ரோட்டில். யோகராஜின் பெண்டாட்டி டிவியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடகத்தையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

யோகராஜ் மிஷினை எடுத்ததும் கூட்டத்தில் சலசலப்பு. “மருதமுத்து அண்ணன் அறுக்கலையா?” என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்குக் கை சரியில்ல. அவன் அறுப்பான்” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. சொல்லிவிட்டால் அப்புறம் பெரிதாக ஒன்றுமில்லை.

வாய் வெட்டைச் சரியாகப் போட்டான். டிராக்டர் கயிற்றை முறுக்கிப் பிடித்தது. பின்பக்கம் அறுக்க ஆரம்பித்தான். நான் ஆப்பை அடித்து, வெட்டுவாயில் குச்சியைச் செருகிவிட்டு, டிராக்டர்காரன் பார்க்கிற இடத்தில் போய் நின்றேன். நான் கையைத் தூக்கினால் அவன் இழுக்க வேண்டும்.

மிஷின் சீராக ஓடியது. தூள் நீளநீளமாகக் கொட்டியது. நான் குச்சியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குச்சி அசையவில்லை.

யோகராஜ் மிஷினை நிறுத்திவிட்டான்.

“மாமா, வந்துருச்சு.”

குச்சி அப்படியே இருந்தது. மரம் வீட்டுப் பக்கமே சாய்ந்து நின்றதால் வெட்டுவாய் விரியவில்லை. பார்த்தால் இன்னும் ஒரு விரல் அளவு அறுக்கலாம் போல இருந்தது. நானாக இருந்தால் அறுத்திருப்பேன்.

“நல்லாத் தெரியுதா?” என்றேன்.

“பேசுது மாமா. நிறுத்தாம பேசுது.” அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் மிஷினைத் தரையில் வைத்துவிட்டான். இனிமேல் அறுக்க மாட்டேன் என்று அர்த்தம்.

என் கண் ஒன்று சொன்னது, அவன் கை ஒன்று சொன்னது. நான் கையைத் தூக்கினேன்.

டிராக்டர் உறுமியது. மரம் நிமிர்ந்தது. ஒரு கணம் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி, ரோட்டில் நீளவாக்கில் படுத்தது. தரை அதிர்ந்தது. அதன் பிறகுதான் குச்சி கீழே விழுந்தது.

அடிக்கட்டையைப் போய்ப் பார்த்தேன். மிச்சம் நின்ற நார்ப்பட்டை விரல் தடிமன்கூட இல்லை. நான் நினைத்த அளவு அறுத்திருந்தால் யோகராஜ் வீட்டு ஓடு இப்போது இருக்காது. யோகராஜ் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் முதல் பெரிய மரத்துக்கு நானும் எடுத்தேன். அதை இவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொன்னேன்.

ஜனவரி 29

மறுபடி உறைபனி. யோகராஜ் மிஷினைத் துடைக்க எடுத்து வந்தான். தவமணி அவனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, அந்தச் சுவிட்சைப் போட்டாள். என்னைக் கூப்பிட்டாள்.

“பிடிங்க.”

“எதுக்கு?”

“பிடிங்கன்னா பிடிங்க.”

பிடித்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரல் நுனிகள் சிவந்தன. அப்புறம் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி, முழங்கை வரை. விட்டுவிடப் போனேன். தவமணி என் கைமேல் அவள் கையை வைத்துக்கொண்டாள்.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“அப்ப எல்லாம் போயிரல” என்றாள்.

நாளை திங்கட்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மிஷின் இனி யோகராஜ் கையில். கயிறு என்னிடம். பாய் கேட்டால் இந்த டைரியை எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. மிஷின் விஷயம் இதில் கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் அவருக்காக ஒரு வரி: மிஷின் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் ஓடியது.

காலையில் சட்டைப் பொத்தானைத் தவமணிதான் போட்டுவிட்டாள். துளையெல்லாம் சரியான அளவில்தான் இருக்கிறது.